விற்காத சரக்கின் வரி

15 டிசம்பர் 2017
கயத்தாற்றுக்காரர் ஒருவர் ஒரே ஒரு வால்வு வாங்கினார். இன்றைய வியாபாரம் அவ்வளவுதான். போன வருடம் மழை பொய்த்ததில் குழாயும் மோட்டாரும் கடையில் அப்படியே கிடக்கின்றன. வாங்கும்போதே அவற்றுக்கு வாட் வரி கட்டியாயிற்று. அதை ஜிஎஸ்டி கணக்கில் ஏற்றினால்தான் இனிக் கட்டுவதில் கழிப்பார்கள். 27-ஆம் தேதி கெடு. வலைத்தளம் இன்றுதான் முரண்டு பிடிக்காமல் திறந்தது. எல்லாம் நிரப்பிவிட்டேன். ஓடிபி வீட்டுக்காரர் போனுக்குத்தான் வரும். இவரோ வசூலுக்கு ஓட்டப்பிடாரம் போயிருக்கிறார்.

16 டிசம்பர்
இவர் வந்ததும் ஓடிபி கேட்டேன். "மார்கழி பொறந்துட்டுல்லா. புதுக் கணக்க இந்த மாசத்துலயா ஏத்துவாவ? தையில பாத்துக்கிடலாம். இத்தன தடவ நீட்டுனவன் இன்னொரு தடவ நீட்டமாட்டானா?"
அரசாங்கத்துக்கு ஏது மார்கழி?

27 டிசம்பர்
வரி ஆலோசகர் குருசாமி அண்ணாச்சி காலையிலிருந்து போன். "இன்னைக்குத்தான் கடேசி தாயி. லிங்கராஜ்ட்ட சொல்லுங்க." இவரிடம் கெஞ்சினேன். "ராத்திரிக்குள்ள நீட்டிருவாவ, பாரு" என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

28 டிசம்பர்
நீட்டவில்லை.

11 மார்ச் 2018
வரி முழுவதையும் ரொக்கமாகக் கட்டியதில் கம்பெனிக்குப் பாக்கி விழுந்தது. புதுச் சரக்கு நின்றுபோனது. கடைக்கு நடுவே பலகை அடித்து, ஒரு பாதியைச் செல்போன்காரருக்கு வாடகைக்கு விட்டாயிற்று.
இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், சாப்பிடுவதில்லை. நான் நாலு ஏச்சு ஏசினாலாவது இவருக்கு ஆறும். வாய் வரவில்லை. கோபம்தான் எனக்கு — அதைவிடப் பாவமாக இருக்கிறது.

30 செப்டம்பர் 2022
குருசாமி அண்ணாச்சி மூச்சிரைக்க வந்தார். கோர்ட் உத்தரவாம். பழைய வரியை ஏற்றாமல் விட்டவர்களுக்காக நாளை முதல் இரண்டு மாதம் வலைத்தளம் திறக்கிறதாம்.
இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். மறுபடியும் நாள் பார்க்கிறாரோ?

1 அக்டோபர்
கடை திறந்ததும் இவரே கம்ப்யூட்டர் முன்னால் எனக்கு நாற்காலி போட்டார். புரட்டாசிச் சனிக்கிழமை, ராகுகாலம் வேறு.
"பத்தரைக்கு மேல ஏத்துவோமா?" நான்தான் கேட்டேன்.
"நீ ஏத்துட்டி. நான் நம்பர் சொல்லுதேன்."
ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

27 பிப்ரவரி 2023
சரிபார்த்துவிட்டார்கள். பழைய வரி கணக்கில் ஏறிவிட்டது. இவர் இன்று இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். செல்போன்காரரும் வேறு இடம் பார்த்துவிட்டாராம். பலகையைப் பிரிக்க நாளைக்கே ஆசாரியை வரச்சொல்லியிருக்கிறார்.
நாளை செவ்வாய்க்கிழமை. நான் வாயே திறக்கவில்லை.