கொசுறைப் பற்றி ஒரு கட்டுரை

மே 8, வியாழன்

டீச்சர் நின்ஃபா தேர்வுக் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்தார்: 'நாட்டின் இன்றைய பொருளாதாரப் பிரச்சினைகள் — ஒரு மாணவரின் பார்வை'. நேரில் கண்டதைத்தான் எழுத வேண்டுமாம். இதில் தேறினால்தான் பள்ளி முடித்த சான்றிதழ். முதியோர் வகுப்பு என்று பெயர். எழுபத்தொரு வயதில் நான் ஒருவன்தான் முதியவன். மற்ற எல்லோரும் டாலர் இல்லை, டீசலுக்கு வரிசை என்று கைபேசியைப் பார்த்து எழுதுவார்கள்.

பக்கத்தில் உட்காரும் யெசேனியா, "உங்களுக்கென்ன தாத்தா, எல்லா நெருக்கடியும் நேர்ல பாத்தவரு. கொலம்பஸ் கப்பல் வந்தப்ப டாலர் என்ன வெல?" என்றாள். பின்வரிசை முழுக்கச் சிரிப்பு.

சிரிக்கட்டும். 85இல் ஒரே ஆணையில் எங்களைச் சுரங்கத்திலிருந்து வெளியே தள்ளினார்கள். அது நாட்டுக்கு நல்லது என்று ஒரு நிபுணர் வானொலியில் விளக்கினார். அன்று தொடங்கி நானே புத்தகம் வாங்கி நானே படிக்கிறேன். ஆனாலும் சான்றிதழ் இல்லாதவன் பேச்சு எங்கள் எல் ஆல்டோ நகரில் குடியிருப்போர் சங்கத்தில்கூட எடுபடாது. "உக்காருங்க பெரியவரே" — அவ்வளவுதான்.

மே 11, ஞாயிறு

சந்தை. பதினெட்டு வருடமாகப் பாசிலியாவிடம்தான் உருளைக்கிழங்கு வாங்குகிறேன். அவள் எனக்குக் கசேரா, நான் அவளுக்குக் கசேரோ. இங்கே வாடிக்கையாக விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் இப்படித்தான் கூப்பிடுவார்கள், பெயர் சொல்வதில்லை. நிறுத்துப் போட்டாள். நான் பையை விரித்தபடியே நின்றேன்.

"என்ன கசேரோ, பையில ஓட்டையா?"

"கொசுறு."

"கொசுறா! அதையும் கூறு கட்டி வித்தாச்சே!"

பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். பிறகு குனிந்து, "எண்ணெய் வேணுமா? சத்தம் போடாதீங்க. வெங்காய மூட்டைக்கு அடியில உங்களுக்குன்னு ரெண்டு பாட்டில் வச்சிருக்கேன்" என்றாள். அரசு விலையைவிடக் கூடுதல்தான். அரசு விலையில் எண்ணெய் எந்தக் கடையில் இருக்கிறது?

வரும் வழியில் கட்டுரை கிடைத்துவிட்டது. விலையை அரசு சொல்லும். கொசுறை யாரும் சொல்ல முடியாது, கொடுப்பவள் மனசு அது. முன்பு இரண்டு கை அள்ளிப் போடுவாள். அது ஒரு கையானது. பிறகு மூன்று கிழங்கு, பிறகு ஒன்று. இன்று ஒன்றுமில்லை. விலைவாசிக் கணக்கெடுக்க வருகிறவன் இதைக் கேட்பதே இல்லை.

மே 14

நாலு பக்கம். அடித்துத் திருத்தியது இரண்டே சொல்.

மே 22, வியாழன்

"கட்டுரை பிரமாதம் தோன் எலியோடோரோ" என்றார் டீச்சர். "ஆனா அந்தம்மா பேரு எதுக்கு? கடை எத்தனாவது வரிசைங்கறது எதுக்கு? 'ஒரு வியாபாரி'ன்னு போட்டாப் போதுமே."

"பேரில்லாத சாட்சி என்ன சாட்சி டீச்சர்? 'நிபுணர்கள் கருதுகின்றனர்'னு எழுதுறானுங்களே, அது மாதிரியா?"

"எண்ணெய் விஷயத்தையாவது எடுத்துடுங்க."

எடுக்க மாட்டேன் என்றேன். கட்டுரையின் உயிரே அதுதான். அவள் பதுக்கவில்லை, தெரிந்தவர்களுக்குப் பங்கிடுகிறாள். 'எண்ணெய் இருக்கிறது என்று காதோடு சொல்வது ஒன்றுதான் இந்த நாட்டில் மிச்சமிருக்கும் கொசுறு' என்று முடித்திருக்கிறேன். இதைவிட ஒருத்தியை எப்படிப் புகழ்வது?

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

புகழ்வதற்கு யாராவது அனுமதி கேட்பார்களா?

ஜூன் 5

வகுப்பில் முதல் மதிப்பெண். பேட்டை வானொலியில் ஞாயிறு காலை வாசிக்கப் போகிறார்களாம். யெசேனியா எழுந்து நின்று கை தட்டினாள். கிண்டலா நிஜமா தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

வாசித்தார்கள். என் பெயரை இரண்டு முறை சொன்னார்கள். சந்தைக்குப் போனேன்.

"கசேரோ, ரேடியோல என் பேரு வந்துச்சாமே! கடைய விரிக்கிற அவசரத்துல கேக்காமப் போயிட்டேன். நல்லதாத்தானே சொன்னீங்க?"

"நல்லதாத்தான்."

ஒரு கை கிழங்கு அள்ளி என் பையில் போட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று அரசின் சந்தைக் கண்காணிப்பு ஆட்கள் வந்திருக்கிறார்கள். நேராக வெங்காய மூட்டைக்கே போனார்களாம். பதினாலு பாட்டில். கடைக்கு முத்திரை. வானொலி வாசிப்பை யாரோ கைபேசியில் பிடித்து வைத்திருந்தார்கள். அதை அவள் எதிரிலேயே போட்டுக் காட்டினார்களாம். என் வாக்கியங்கள். வரிக்கு வரி.

ஜூன் 11

அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"நான் உங்களுக்கு எண்ணெய் குடுத்தேன். நீங்க என் கடையக் காட்டிக் குடுத்தீங்க."

"கட்டுரைல உன்ன ஒரு குறை சொல்லலையே. அரசாங்கத்தத்தானே—"

"வந்தவங்க கட்டுரை தேடி வரல. எண்ணெயத் தேடித்தான் வந்தாங்க."

கதவைச் சாத்திவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அதில் ஒரு வரி பொய்யா? ஒரு சொல்? பூட்ட வேண்டியது அவள் கடையையா?

சரி, பேர எதுக்குடா எழுதின? டீச்சர் அவ்ளோ சொன்னாங்களே — எதுக்கு எழுதின?

ஜூன் 16, திங்கள்

சந்தைச் சங்கத் தலைவி தோன்யா பிரிமித்திவா வகுப்புக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றாமல் முன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வக்கீல்கிட்டப் பேசிட்டேன். எழுதினவரே 'எல்லாம் கற்பனை'ன்னு கையெழுத்துப் போட்டாருன்னா, பாட்டிலெல்லாம் வீட்டுச் சமையலுக்குன்னு சொல்லி சமாளிச்சிடலாம். இல்லேன்னா முப்பதாம் தேதியோட கடை வேற ஆளுக்கு."

டீச்சர் குறுக்கிட்டார். "கற்பனைன்னு எழுதிக் குடுத்தா நான் தேர்ச்சி போட முடியாது. நேர்ல கண்டதத்தான் எழுதணும், அதுதான் விதி."

"உங்களுக்குப் போறது ஒரு பேப்பர் பெரியவரே. அவளுக்குப் போறது கடை. யோசிக்க என்ன இருக்கு?"

"உண்மையப் பொய்னு எழுத எனக்குக் கை வராது" என்றேன்.

"அவ பேர எழுதறப்ப நல்லா வந்துச்சே" என்றார் தலைவி.

யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் 19

மாட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

எதிரில் கிழங்கைக் குவித்து வைத்துக்கொண்டே, "வித்துப்போச்சு பெரியவரே" என்றாள் முதல் கடைக்காரி. அடுத்தவளும் அதையே சொன்னாள். வரிசை முழுக்க அதே பதில். இவர்களுக்காகத்தானே எழுதினேன்! ஒரு நிபுணனாவது இவர்கள் பெயரை எழுதியிருப்பானா?

காலிப் பையோடு திரும்பினேன். மினிபஸ்கள் நிற்கும் இடத்தில், ஜன்னல் ஜன்னலாக ஓடிக் கைக்குட்டை விற்றுக்கொண்டிருந்தாள் ஒருத்தி. பாசிலியா. வலிக்கிற அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடுகிறாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

கையெழுத்துப் போட்டேன். 'மேற்படி கட்டுரையில் உள்ளவை யாவும் என் கற்பனையே.' டீச்சர் பதிவேட்டில் என் மதிப்பெண்ணைக் கோடு போட்டு அடித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை.

ஆக, அரசு விலையில் எண்ணெய் தாராளமாகக் கிடைக்கிறது. சந்தையில் கொசுறு குறையவில்லை. நாட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை, ஒரு கிழவனின் புளுகைத் தவிர. கீழே என் கையெழுத்து இருக்கிறது. நிபுணர்கள் மேற்கோள் காட்டிக்கொள்ளலாம்.

ஜூலை 6, ஞாயிறு

கடையைத் திறந்துவிட்டாள். தூரத்திலிருந்து பார்த்தேன். அந்த வரிசைக்குள் போகவில்லை.

ஜூலை 21, திங்கள்

மறுபடி அதே வகுப்பு, புதுப் பிள்ளைகள். யெசேனியாவெல்லாம் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "தாத்தா, நீங்க எதுல பெயில்?"

"நாட்டுப் பொருளாதாரத்துல."

"எப்பிடி?"

"கட்டுரைல பொய் எழுதிட்டேன்."

"இந்த வயசுலயா!" வகுப்பே சிரித்தது. டீச்சர் நின்ஃபா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. ரூத், பாசிலியாவின் மகள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

போய் உட்கார்ந்தேன்.