வெள்ளி ராசாக்களைத் துடைத்த நாள்

என் ஆசை அண்ணா,

ஜெர்மனியில் நீங்கள் வாடகைக்கு இருந்த கெல்சென்கிர்ச்சன் வீட்டுச் சாவியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. மனம் வரவில்லை. அதற்கு முன் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் சேர்த்த பழைய சுவீடன் வெள்ளி நாணயங்களை நான் கெடுத்துவிட்டேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முதல் நாள் அலுமாரியைத் திறந்தேன். நாணயங்களில் இருந்த அத்தனை ராசாக்களும் கன்னங்கரேலென்று கிடந்தார்கள். உங்களுக்குப் பிடித்ததைப் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் அல்லவா? வெள்ளிச் செம்பைத் துலக்குவது போலத் திருநீறு போட்டுத் தேய்த்தேன். அழுதுகொண்டே தேய்த்தேன் அண்ணா. சுருள்முடி ராசாவின் கன்னம் பளபளத்தபோது, நீங்கள் பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் உங்கள் நாணயக் கூட்டாளி ஹோர்ஸ்ட் வந்தார். ஒன்றை விளிம்பில் பிடித்துத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். முந்நூறு வருடமாகப் படிந்த கறுப்பு அது, அதுதான் நாணயத்தின் உயிர் என்று மெதுவாகச் சொன்னார். நீங்கள் அகதியாக வந்து முதலில் தங்கிய வடக்குத் துறைமுக ஊரின் சிறிய அருங்காட்சியகம், அவற்றை உங்கள் பெயரோடு வைக்கச் சம்மதித்திருந்ததாம். ஒரு காலம் அந்த ஊரையும் சுவீடன் ராசாக்கள்தான் ஆண்டார்களாமே. இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் தேய்த்தது தெரிந்ததும் அருங்காட்சியகத்தார் வேண்டாம் என்று மரியாதையாகக் கடிதம் போட்டுவிட்டார்கள்.

“தொடாதை பிள்ளை” என்று எத்தனை தரம் சொன்னீர்கள்! “ஓமோம், உங்கட பெண்சாதியளை நான் தொடேல்லை” என்று கலியாணம் கட்டாத உங்களைக் கேலி பண்ணினேனே தவிர, ஏன் தொடக்கூடாது என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பின்னேரம் முழுக்கச் சொல்லியிருப்பீர்கள். சொல்வதற்கு உங்களுக்கும் வீட்டில் ஒரு ஆள் இருந்திருக்கும். அதை நினைத்தால்தான் நெஞ்சு வெடிக்கிறது.

திரும்பக் கறுக்குமா என்று ஹோர்ஸ்டைக் கேட்டேன். கறுக்கும், ஆனால் நம் ஆயுளில் இல்லை என்றார்.

சரி, ஆறுதலாக, மெதுமெதுவாகக் கறுக்கட்டும். நான் இனி விரல்கூட வைக்கமாட்டேன். மகளிடமும் சொன்னேன்: “நான் செத்தாப் பிறகும் ஒருத்தரும் இதைத் துடைக்கக்கூடாது. உன்ர பிள்ளையளுக்கும் சொல்லு.”

“ஏனம்மா?” என்று கேட்டாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை அண்ணா. சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு ஹோர்ஸ்ட் வீட்டுக்குப் போகிறேன். ஒவ்வொரு ராசாவாகக் கேட்டு அறிந்து வருவோம். இது சத்தியம்.

ஒருநாளும் கேட்காமல் விட்ட,
உங்கள் தங்கச்சி