ஜன்னல் சட்டத்தில் இரண்டு பொட்டுகள்

அக்கா,

இதை எழுதுவதற்கு முதலில் என்னை மன்னியுங்கள். இறந்தவர்களோடு பேசுவது நம் சபையில் வழக்கமில்லை. பாஸ்டருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார். இது ஜெபமில்லை, கடிதம்தான்.

இன்று காலை கண்ணாடி ஓரத்தில் அம்மா ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையைச் செருகி வைத்திருந்தாள். மெரூன் நிறம், பெரியது, கல்யாணமான பெண்கள் வைப்பது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு நிச்சயம். காதில் விழுந்ததெல்லாம் பொய், நான் ஜெபத்துக்கெல்லாம் போவதில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நானே என் வாயால் சொல்ல வேண்டுமாம்.

அட்டையைப் பார்த்ததும் கோவில்பதாகை ஜெபவீடு நினைவுக்கு வந்தது. வீட்டுக்குத் தெரியாமல் வருகிற நாம் பொட்டை எடுத்து ஜன்னல் சட்டத்தில் ஒட்டிவிட்டுத்தான் பாயில் உட்காருவோம். திரும்பும்போது எடுத்து வைத்துக்கொள்வோம். உங்களுடையது பெரிய மெரூன். என்னுடையது சின்னக் கறுப்பு. "படிச்ச புள்ள பொட்ட பாரு, எறும்பு கண்ணு கணக்கா கீது" என்று சிரிப்பீர்கள்.

சாட்சி சொல்லும் நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து, மகனுக்கு வேலை கிடைத்தது, கட்டி கரைந்தது என்பார்கள். நீங்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "ஒண்ணும் மாறல. இந்த வாரமும் வந்துகீறேன். ஸ்தோத்திரம்."

"இன்னாக்கா, போன வாரமும் இதான சொன்ன?" என்று கேட்பார் ஜெபத்துக்கு இடம் கொடுத்த அந்த வீட்டு அம்மா.

"போன வாரமும் இதான நடந்துச்சு."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் உங்கள் வளையல்களுக்கு மேலே கன்றிப்போயிருந்த கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பாயிலிருந்து எழுந்து ஒரு வாக்கியம் சொல்ல ஒருநாளும் எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

ஒரு மழை நாளில் ஜெபம் முடிகிற நேரம் கரண்ட் போனது. ஆவடியில் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், இருட்டில் தடவி எடுத்த பொட்டுகள் நமக்குள் மாறிவிட்டன. வீட்டில் அம்மா என் முகத்தை நிமிர்த்தி, "யார் பொட்டுடி இது?" என்றாள். ஆபீஸ் தோழியுடையது என்று முணுமுணுத்தேன். அன்றிலிருந்து அவள் பார்வை என் நெற்றியை விட்டு இறங்கவில்லை.

அதன் பிறகு பல வாரங்கள் நீங்கள் வரவில்லை. வந்த அன்று முன்பல் ஒன்று இல்லை.

"எவனுக்காகடி வயசுப் பொண்ணு மாரி பொட்டு வெச்சுகினு வந்தேன்னு கேட்டாரு எங்க ஊட்டுக்காரு" என்று என் காதோடு சொன்னீர்கள். "உன் எறும்பு கண்ணு பண்ண வேல புள்ள." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாட்சி நேரம் வந்ததும் எழுந்து, பல் இல்லாத வாயால் அதே வாக்கியத்தைச் சொன்னீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

மஞ்சள் காமாலையில் நீங்கள் போனபோது உங்கள் வீட்டார் நெற்றி நிறையக் குங்குமம் வைத்து எடுத்துப்போனார்கள். ஜெபவீட்டிலிருந்து வந்த எங்களைப் பாட விடவில்லை. தெருமுனை டீக்கடைக்கு அப்பால் நின்று பார்த்தோம்.

இப்போது எங்கள் வாசலில் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு நாட்களாக அவனுடைய நண்பர்களும் வருகிறார்கள். "நீ சொல்லிட்டேன்னா நல்லது. இல்லன்னா இன்னா ஆவும்னு எனக்கே தெரில" என்றான் நேற்று. அவன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் ஜெபங்களுக்குப் பதில் வந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் வந்ததைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முன்னால் நிற்கப்போகிறேன்.

பொய் சொல்லமாட்டேன் என்றுதான் இந்த நிமிடம் தோன்றுகிறது. ஆனால் என் குரலை எனக்குத் தெரியும். அதனால் ஒன்று கேட்கிறேன் அக்கா. பயத்தில் ஜெபத்தை நான் மறுதலித்துவிட்டால், இவள் இனி வரமாட்டாள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாயில் உங்கள் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்காருங்கள்.