மைக்ராஸ்கோப்பில் மணியின் கத்தி

கோபமே வராத என் அண்ணனுக்கு,

உன் பங்குக் கோபத்தையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டிருக்கிறேன், நீ அங்கே நிம்மதியாக இரு. ஒரு நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். மணி மாட்டிக்கொண்டான்.

உப்பளம் கடைத்தெருவில் என் செல்போன் ரிப்பேர் கடை அப்படியேதான் இருக்கிறது. சாலிடர் வைக்க வாங்கிய மைக்ராஸ்கோப்பும், அதன் படம் தெரிகிற சின்ன டிவியும் அதே மேசையில். மத்தியானம் சலூனைச் சாத்திவிட்டுச் சவரக்கத்தியோடு வந்து உட்காருவாயே, ஞாபகம் இருக்கிறதா? கல்லில் நாலு இழுப்பு, லென்ஸுக்கு அடியில் ஒரு பார்வை. "வெள்ளையா மினுங்குது பாரு, அங்க இன்னும் மழுங்கலா இருக்கு. மாப்ள கழுத்துல வெக்கற கத்தி ரீத்தா, வெளையாட்டு இல்ல" என்பாய். அந்த மினுக்கம் முழுக்கப் போன பிறகுதான் கடைசி மெருகுக்குத் தோல்வாரை எடுப்பாய்.

பக்கத்து சலூன் மணி அதைப் பார்த்தான். "சலூன்கார ஆரோக்கியத்துக்குக் கண்ணு போயிடுச்சு, கத்தியப் பாக்கவே மிஷின் வேணுமாம். அவன்கிட்டயா கழுத்தக் குடுக்கறீங்க?" என்று ஒரு டீக்கடை விடாமல் சொல்லிவைத்தான். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. உன்னைக் கூப்பிட்ட கல்யாண வீடுகளெல்லாம் மாப்பிள்ளைச் சவரத்துக்கு அவனைக் கூப்பிட்டன.

அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். நெஞ்சுவலி வருவதற்குக் கொஞ்ச நாள் முந்தி என்னிடம் கேட்டாய்: "ஏன் ரீத்தா, நெஜமாவே எனக்குக் கண்ணு மங்கிடுச்சா?" உன் கண்ணை நீயே சந்தேகப்படுகிற மாதிரி செய்துவிட்டானே, அவனை எப்படி மன்னிப்பேன்?

போன வாரம் உடைந்த போனோடு வந்து நின்றான். கடையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். தேங்காய்த்திட்டில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிறானாம், பையில் கத்தி. "உங்க அண்ணன் மாதிரி எனக்கு லென்ஸெல்லாம் வேணாம்மா, வெரல் வெச்சாலே தெரிஞ்சுடும்" என்றான்.

"அப்டியா? குடுங்கண்ணே, பாத்துடலாம்" என்று வாங்கி லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.

டிவியில் கத்தியின் விளிம்பு ரம்பம் மாதிரி பல் பல்லாய்த் தெரிந்தது, இடுக்கெல்லாம் துரு. காத்திருந்தவர்கள் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் அங்கேயே தேங்காய்த்திட்டுக் கல்யாண வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். மணி மட்டும் டிவியில் மூக்கு இடிக்கக் குனிந்து, "எங்கம்மா? நல்லாத்தான இருக்குது?" என்றான்.

அண்ணா, அவனுக்குத்தான் கண் தெரியவில்லை!

எல்லோரும் போன பிறகு அழுதான். "கண்ணுல பொரை வுளுந்துடுச்சும்மா. உங்க அண்ணனச் சொன்னது தப்புதான், வுட்டுடும்மா" என்றான். எனக்கு ஒரு துளி இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமா?

"என்கிட்ட சொல்லி என்னா பண்றது? கல்லறைத் திருநாளன்னிக்கி அண்ணன் கல்லறைக்கு வாங்க. எல்லாரும் இருக்கச்ச சத்தமா சொல்லுங்க" என்றேன்.

"அந்தக் கூட்டத்துல கண்ணு தெரியாம எப்டிம்மா வருவேன்?" என்று நழுவப் பார்த்தான்.

அடுத்த வாரம் அவனுக்குக் கண் ஆப்பரேஷன். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போகிறேன், சொட்டு மருந்தும் நானே போடப்போகிறேன். பகையாளிக்கும் உதவுகிற புண்ணியவதி என்று தெருவில் என்னைப் புகழ்கிறார்கள். புகழட்டும்.

சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணா, அவனை உன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன். அதற்குள் அவனுக்குக் கண் பளிச்சென்று தெரிய வேண்டும். அவன் வாயைத் திறக்கும்போது யார் யார் அவனை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை ஒரு முகம் விடாமல் அவன் பார்க்க வேண்டும்.

உன்னை மாதிரி நல்லவளாக இல்லாத,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
ரீத்தா