சீலன் அண்ணாவின் பாய் கிடந்த இடம்

கொட்டாஞ்சேனை,
1998.12.06

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீங்களும் பெரியப்பாவும் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்கிறேன். தபாலைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்ற பயத்தில், மன்னாருக்கு வரும் சிஸ்டரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. அவர் நித்திரையான பிறகு குசினி அடுப்படியில் இருந்து எழுதுகிறேன்.

உங்கள் மகன் சீலன் அண்ணாவைச் செவ்வாய்க்கிழமை சுற்றிவளைப்பில் பிடித்ததை அம்மா தந்தியில் சொல்லியிருப்பார். வீட்டில் தங்குகிற ஆட்களைப் பதிகிற பொலிஸ் பதிவில் அவருடைய பெயர் இல்லை. “அவங்கள்தான் பேரைத் துலைச்சுப்போட்டாங்கள்” என்று அம்மா எல்லாருக்கும் சொல்கிறார். அவர்கள் தொலைக்கவில்லை, பெரியம்மா. நான் எழுதவில்லை.

எங்களில் சிங்களம் எழுதத் தெரிந்தவள் நான் மட்டும். அண்ணா வந்த அன்று அம்மா பதிவுப் படிவத்தை என்னிடம்தான் தந்தார். அதற்கு முதல் கிழமை, மன்னார்ப் பெடியன் ஒருவனைப் பதிந்த பக்கத்து வீட்டில் எல்லாரையும் பொலிஸ்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய கோழி இரண்டு நாள் எங்கள் வாசலில் வந்து நின்றது. அதை நினைத்துக்கொண்டே எழுதினேன். அம்மாவின் பெயரை எழுதினேன். வீட்டில் யாராவது எண்ணிப் பார்த்தால் மூன்று வரி இருக்கட்டும் என்று, என் பெயரை இரண்டாக்கி இரண்டு வரியில் எழுதினேன்.

முத்திரை குத்திய துண்டை அம்மா சுவரில் ஒட்டினார். அண்ணா மூன்றாம் வரியில் விரலை வைத்து, “என்ர பேர் சிங்களத்தில வடிவாத்தான் இருக்கு” என்றார். அது என் பெயரில் பாதி.

இன்று மறைக்கல்வியில் ஒஸ்வால்ட் மாஸ்டர், “பாலன் ஏன் மாட்டுத் தொழுவத்தில பிறந்தவர்?” என்று கேட்டார். தாழ்மைக்காக என்று எல்லாரும் சொன்னார்கள். சூசையப்பரும் மாதாவும் பெயர் பதியத்தானே அந்த ஊருக்குப் போனார்கள். இடமில்லை என்று சொன்ன சத்திரக்காரன் கெட்டவனாக இருந்திருக்க மாட்டான். என்னைப் போலப் பயந்திருப்பான்.

உங்களைத் தவிர யாருக்கும் இதைச் சொல்லவில்லை.

உங்கள் பிள்ளை,
டொறின்


பள்ளிமுனை, மன்னார்,
1998.12.13

டொறினுக்கு,

கடிதம் கிடைத்தது. முதல் நாள் எனக்கு வந்த கோபத்தை எழுதப் போவதில்லை. உன் கடிதத்தை அடுப்பில் போட எடுத்தேன். பிறகு சேலைகளுக்கு அடியில் வைத்தேன். பெரியப்பாவுக்குக் காட்டவில்லை.

பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் படிவத்தைக் கொடுத்தது பெரிய ஆட்களின் பிழை. மற்றது உன் பிழை. சீலன் அங்கே வருவதற்கு முன், இடம் காணுமா, மூன்று பேருக்குப் போதுமா என்று உன் அம்மாவைக் கேட்டிருந்தேன். “காலை நீட்டினால் அலுமாரி இடிக்கும், மடக்கிப் படுக்கட்டும்” என்று எழுதினாள். அதை வாசித்து அவன் சிரித்துக்கொண்டுதான் வெளிக்கிட்டான்.

சத்திரக்காரனைப் பற்றி எழுதியிருந்தாய். நான் படித்தவள் இல்லை. ஆனால் இடமில்லை என்று சொன்ன ஊரிலேயேதான் பாலன் பிறந்தார். வேறு ஊர் பார்த்துப் போகவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் சொல். பிறகு இரண்டு பேருமாகப் போய்ப் பொலிசில் சொல்லுங்கள். சிங்களத்தில், உன் வாயால். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

பெரியம்மா


கொட்டாஞ்சேனை,
1998.12.26

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். அகப்பைக் காம்பால் இரண்டு அடி விழுந்தது. அடுத்த நாள் காலையில் அவரே எனக்குத் தலை பின்னி, பள்ளிக்கூட உடுப்பைப் போடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். பொலிசில் மூன்று மணி நேரம் மர வாங்கில் காத்திருந்தோம். இன்ஸ்பெக்டர் பழைய படிவத்தை எடுத்து, இரண்டு வரியையும் காட்டி, “இது ரெண்டும் யார்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“ரெண்டும் நான்தான் சேர்.”

பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. புதுப் படிவம் தந்து, அண்ணாவின் பெயரோடு அங்கேயே எழுதச் சொன்னார். இரண்டு படிவத்திலும் எழுத்து ஒன்றாகவே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார். பிறகும் மூன்று தரம் போனோம்.

இருபத்து நாலாம் திகதி பின்னேரம் அண்ணா வந்தார். எங்கே வைத்திருந்தார்கள் என்று சொல்கிறார் இல்லை. இடது காது சரியாகக் கேட்பதில்லை. வலப்பக்கம் நின்றுதான் கதைக்க வேண்டும்.

அவருடைய பாய் போடும் இடம் வெறுமையாகக் கிடந்ததால் அம்மா அதில் பாலன் குடிலைக் கட்டியிருந்தார். “குடில் இருக்கட்டும் சின்னம்மா, நான் விறாந்தையில படுக்கிறன்” என்றார் அண்ணா. “ஒருக்கா இந்த அறையில உனக்கு இடமில்லாமல் போனது காணும்” என்று சொல்லி, அம்மா அப்போதே குடிலைப் பிரித்தார். சூசையப்பரும் மாதாவும் அலுமாரிக்கு மேலே. பாலனுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. அரிசி அளக்கும் சுண்டுக்குள் கொஞ்ச வைக்கோல் போட்டு, வெங்காயத்துக்கும் மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கும் நடுவில் வைத்தேன்.

அடுத்த நாள், நத்தார் அன்று, அண்ணாவின் வலப்பக்கம் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழும்பி வெளியே போனார். நெடுநேரம் வரவில்லை. வந்து, “என்ர பேரைச் சிங்களத்தில எழுதிக் காட்டு” என்றார். எழுதினேன். அதைப் பார்த்துப் பார்த்துக் கீழே எழுதினார். அந்தத் தாள் ஒற்றை முடியும்வரை எழுதினார்.

இன்று காலை அரிசி போடச் சுண்டை எடுத்தேன். பாலன் படுத்திருந்தார். திரும்ப வைத்துவிட்டுக் கையால் அளந்தேன், மூன்று பேருக்கு.

உங்கள் பிள்ளை,
டொறின்