குன்னூர் வரைக்கும் கேட்ட கோல்

ஞாயிறு, ராத்திரி.

ஃபுட்பால் பார்க்க வரமாட்டேன்னு மூணு மாசம் சமாளிச்சேன். இன்னைக்கு வீட்டுக்காரி விடலை. மக ஸ்டெல்லாதான் கோல்கீப்பர். பாதி ஆட்டம் முடிஞ்சா பக்கம் மாறுவாங்கன்னு யாரும் எனக்குச் சொல்லலை. மூடுபனியில ஆள் தெரியலை, வலை ஆடினது மட்டும் தெரிஞ்சுது. "கோல்!"னு குன்னூருக்கே கேக்கற மாதிரி கத்தி, குல்லாவைத் தூக்கி வீசினேன்.

"ஏனுங்க, அது நம்ம புள்ள விட்ட கோலுங்க!"ன்னா வீட்டுக்காரி.

அங்கிருந்த ஐம்பது பேரும் சிரிச்சாங்க. ஸ்டெல்லா முறைச்சா. இனிமே வராதீங்கன்னு சொல்லிடுவாளோன்னு, குல்லாவைத் தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

அடுத்த பந்தைப் பாய்ஞ்சு பிடிச்சா. பிடிச்ச கையோட, "அப்பா, இப்பக் கத்துங்க!"ன்னா.

கத்தினேன். தொண்டை போச்சு. மிளகுக் கஷாயம் குடிச்சிருக்கேன். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள குரல் திரும்பியாகணும்.