சத்தம் நின்ன அலாரம்

என் வீட்டு எஜமானிக்கு,

நம்ம வாயாடி மூணாங்கிளாஸ்ல நல்ல பேர் எடுத்திருக்கா. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வயசுக்கு மீறின பக்குவம் சார். அம்மா போனப்புறம் இங்க ஒரு நாள்கூட அழுததில்ல"ன்னு பெருமையா சொன்னாங்க. பக்கத்துல அவ விரல்ல கட்டோட நின்னா. பெஞ்சுல நசுங்கி நகம் பேந்திருக்கு. நோட்டுல ரத்தத்தைப் பார்த்துதான் டீச்சருக்கே தெரிஞ்சிருக்கு. பக்குவமாம்.

உன்னைக் கொண்டுபோன அன்னிக்கு அவ அலறினது எனக்குத் தாங்கல. நாங்க ரிப்பேருக்குப் போற லிஃப்ட்ல அலாரம் அடிச்சா முதல்ல சத்தத்தை நிறுத்துவோம், அப்புறம்தான் பழுதைப் பார்ப்போம்னு அவகிட்ட சொன்னேன். உள்ளங்கையில ஒரு பட்டன் இருக்கறதா நெனச்சு அமுக்கச் சொன்னேன். அமுக்கினா. சத்தம் நின்னுது. நான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். பழுதை யாரும் பார்க்கல.

இப்போ கிளாஸ்ல எந்தப் பிள்ளை அழுதாலும் அது கையைப் பிடிச்சு இவதான் அமுக்கி விடறாளாம். அதுக்கு டீச்சர் எல்லாரையும் கைதட்டச் சொல்றாங்களாம்.

வர்ற வழியில அவ கையைப் பிரிச்சு, "பட்டனை எடுத்துடலாம்டா. வலிச்சா அழு"ன்னேன்.

"நான் அழுதா நீங்க மறுபடியும் மாடிக்குப் போய்டுவீங்களே அப்பா"ன்னா. கோபமா இல்ல, மழை வரும்னு சொல்ற மாதிரி.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. உடனே என் கையை இழுத்து, அந்தக் கட்டுப்போட்ட விரலாலேயே உள்ளங்கையில அமுக்கினா.

"சரியாயிடும்பா"ன்னா.

உன்,
லிஃப்ட்காரன்